பிறந்தநாள் விழா குழந்தையின் கடிகாரப்படி நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழலையர் பள்ளியில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பகல் முழுக்க இருப்பவர்கள் நாங்கள். பிறந்தநாள் கொண்டாட்டம் எப்படி நடத்துவது என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். எந்த ஹால், எந்த கேக் கடை, எத்தனை பலூன் என்றுதான் கேள்வி தொடங்கும். எத்தனை மணிக்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விழா கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஏழு மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். சித்தப்பாவின் கார் இன்னும் பல்லடம் தாண்டவில்லை என்று எட்டேகால் வரை காத்திருப்பார்கள். எட்டரைக்குத் தூங்கிப் பழகிய பிள்ளை அப்போதுதான் கேக் முன்னால் நிறுத்தப்படுகிறது. மதியம் சரியாகத் தூங்கவில்லை. மாலையில் "அப்புறம் கேக் சாப்பிடலாம்" என்று சொல்லி எதுவும் கொடுக்கவில்லை. விளக்கை அணைத்து, நாற்பது பேர் சுற்றி நின்று கை தட்டிப் பாடியதும் வீறிட்டு அழும். "கூட்டத்தைப் பார்த்து பயந்துட்டான், திருஷ்டி சுத்திப் போடுங்க" என்பார் பாட்டி. சுற்றிப் போடுவதில் தவறில்லை, போடுங்கள். ஆனால் பிள்ளைக்கு அப்போது வேண்டியது இரண்டு இட்லியும் ஒரு தலையணையும்.

இந்த வயதில் மதியத் தூக்கம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் முடியும். எழுந்து முகம் கழுவி, பால் குடித்து, உடை மாற்றினால் நாலரை. அதிலிருந்து இரண்டு மணி நேரம் பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும். ஆகவே 4.30 முதல் 6.30 வரை. தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் அழைப்பில் எழுதிவிட வேண்டும். "முடியற நேரத்தைப் போட்டா மரியாதையா இருக்காதே" என்று தயங்குவார்கள். பிள்ளையை அழைத்து வரும் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு அதுதான் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிக்கல் உண்டு. அன்று ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை, சரியாக நமக்கு வேண்டிய நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் கேக் வெட்ட விடமாட்டார்கள். கேக் 6.15க்குப் போகும், அது ஏழாகும், பழைய கதைதான். சனிக்கிழமை ராகுகாலம் காலை 9 முதல் 10.30, எமகண்டம் 1.30 முதல் 3. மாலை முழுவதும் காலி. ஞாயிறு மட்டுமே முடியும் என்பவர்கள் காலை 10 முதல் 12 வரை வைத்துக்கொள்ளலாம். எமகண்டம் 12 மணிக்குத்தான் தொடங்குகிறது.

உறவினரை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து வரும். நம் வழக்கத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. தமிழ் மாதப்படி வரும் நட்சத்திரப் பிறந்தநாள் பெரும்பாலும் ஆங்கிலத் தேதியில் விழாது. நட்சத்திரத்தன்று காலையில் கோயில், அர்ச்சனை, வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லோரும் அன்றைக்கு வந்து ஆசீர்வதிக்கட்டும். ஆங்கிலத் தேதியையொட்டி வரும் சனிக்கிழமை பிள்ளையின் தோழர்களுக்கு. இரண்டையும் ஒரே மாலையில் அடைத்தால் இரண்டுமே பாழ். முதல் பிறந்தநாளில் இது இன்னும் மோசம். காலையில் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. மாலையில் அதே பிள்ளைக்கு வலை கவுன் மாட்டி மேடையில் உட்கார வைப்பார்கள். மழித்த தலை எரியும், காது வலிக்கும், பிள்ளை சிரிக்காது. படம் எடுப்பவர் கிலுகிலுப்பை ஆட்டியும் பயன் இருக்காது. நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி ஹாலில் பத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் தள்ளுமுள்ளுதான். மூன்று, நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கண் வைத்திருக்க வேண்டும். வருவதாக முன்கூட்டியே பதில் எழுதும் பழக்கம் நமக்கு இல்லை. அதனால் வாட்ஸ்அப் அழைப்பை அனுப்பிவிட்டு நம்பி உட்கார முடியாது. மூன்று நாளுக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள்: வருகிறீர்களா, தம்பி தங்கை கூட வருமா, முட்டை சேர்த்த கேக் சாப்பிடலாமா, பால், வேர்க்கடலை, முந்திரி ஏதாவது ஒத்துக்கொள்ளாதா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நடக்கிற காரியம்.

வீட்டில் நடத்தினால் காலையிலேயே செய்ய வேண்டிய வேலைகள் சில. கழிவறைத் தாழ்ப்பாளின் உள்பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை உள்ளே போய்த் தாழ்போட்டுவிட்டு, திறக்கத் தெரியாமல் அழுவது ஒவ்வொரு விழாவிலும் நடக்கும். குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வைக்கவும். தண்ணீர்த் தொட்டி மூடி, மாடிக் கதவு, பால்கனிக் கதவு மூன்றையும் பூட்டவும். பிறந்தநாள் பிள்ளைக்கு உயிரான பொம்மைகள் நாலைந்து இருக்கும். அவற்றை அதன் கையாலேயே எடுத்து பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். மீதியை மற்றவர்கள் எடுக்கலாம் என்று முன்பே பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும். வரும் பரிசுகளைப் படுக்கையறையில் வைத்து வெளியே தாழிடவும். யார் கொடுத்தது என்று பின்னால் பென்சிலில் குறித்துக்கொண்டு, எல்லோரும் போன பிறகு பிரிக்கலாம்.

வந்ததும் முதல் இருபது நிமிடம் எந்த ஏற்பாடும் வேண்டாம். தரையில் பழைய காலண்டர்களைத் திருப்பிப் போட்டு க்ரேயான், ஒரு பக்கம் மரக்கட்டைகள். ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை தானாக அம்மாவை விட்டு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்போதே ஆளுக்கு அரை வாழைப்பழம், ஒரு தம்ளர் எலுமிச்சை ஜூஸ். இந்த அரைப் பழம்தான் கேக் வரை பிள்ளையைத் தாங்குவது.

பிறகு விளையாட்டு, அரை மணி நேரம். நான்கு வயதில் ஒரு விளையாட்டு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. ஆகவே நான்கு தயாராக இருக்கட்டும். ஆளை வெளியேற்றும் விளையாட்டு எதுவும் வேண்டாம். மியூசிக்கல் சேர் வைத்தால் முதல் சுற்றிலேயே ஒரு பிள்ளை அழும். தோற்றுப்போய் ஓரமாக உட்கார்வது இந்த வயதுக்குப் புரியாது. நாற்காலியை எடுக்காமல், பாட்டு நின்றதும் எல்லோரும் உட்கார்ந்தால் போதும் என்று வைத்துப் பாருங்கள், அதே சந்தோஷம். ஒரு குடம் தண்ணி ஊத்தி, பூப்பறிக்க வருகிறோம், கல்லா மண்ணா மூன்றுக்கும் பைசா செலவில்லை. கல்லா மண்ணாவுக்குத் தரையில் பழைய ஜமுக்காளம் ஒன்று விரித்தால் அது கல். நடுவில் ஓடி வந்து வழுக்காமல் அதன் நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டவும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கண்ணாமூச்சி மட்டும் வேண்டாம். ஒளிய இடம் தேடும் பிள்ளை லிஃப்டுக்குள் போகும்.

கேக் வெட்டும் ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அழுகை அங்கேதான் கூடும். நேரம் 5.20. யார் வந்திருந்தாலும், வராவிட்டாலும் 5.20. மேசை பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும். உயரமான மேசைமுன் அப்பா தூக்கிக்கொண்டு நின்றால் பிள்ளை மெழுகுவர்த்தியின் மேல் சரியும். விளக்கை அணைக்காதீர்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்துங்கள். மறுபடி போடுவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள், எல்லோரும் மறந்துவிட்டு வியர்வையில் நிற்பார்கள். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள். பிள்ளையின் தலைமுடியைப் பின்னிக் கட்டவும். நைலான் வலை கவுனில் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். படத்துக்காக முதல் கால் மணி நேரம் அது இருந்தால் போதும், விளையாடத் தொடங்கும் முன்பே பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடலாம். கவுனின் இடுப்புத் தையல் குத்துவதாலேயே சிணுங்கும் பிள்ளைகள் நிறைய.

ஊதுவதற்குத் தனியாக ஒரு கப் கேக் வைத்து அதில் மெழுகுவர்த்தி ஏற்றினால் பெரிய கேக்கில் எச்சில் தெறிக்காது. ஒன்றிரண்டு சாதாரண மெழுகுவர்த்தி போதும். தாமரை மாதிரி விரிந்து பாட்டுப் பாடும் மெழுகுவர்த்தி இன்று எல்லாக் கடையிலும் தொங்குகிறது. பற்றவைத்ததும் நடுவிலிருந்து பூவாணம்போல் தீ எழும், மெழுகு கேக்கில் சொட்டும், பாட்டு நிற்கவே நிற்காது. அதைவிட முக்கியம், அதன் அடியில் பொத்தான் பேட்டரி இருக்கிறது. கீழே விழுந்து உடைந்தால் பளபளவென்று ஒரு சின்ன நாணயம். பிள்ளை வாயில் போட்டு அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். ஊத ஊத மறுபடி எரியும் மெழுகுவர்த்தியைக் குப்பையில் போடும் முன் தண்ணீரில் முக்க வேண்டும்.

வெட்டிய பிறகு ஊட்டும் படலம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியோடு நிறுத்துங்கள். வரிசையாக இருபது பேர் வந்து ஒவ்வொரு துண்டு க்ரீமை வாயில் வைத்துப் படம் எடுத்தால் பிள்ளை வாந்தி எடுக்காமல் என்ன செய்யும்? முகத்தில் கேக் அப்புவதை வேடிக்கை என்று நினைக்கிறார்கள். பொம்மை வைத்த கேக்குகளிலும் இரண்டடுக்குக் கேக்குகளிலும் தாங்குவதற்காக உள்ளே குச்சி செருகியிருப்பார்கள். கண்ணுக்கு நேராக அது வரலாம். அதேபோல் ஸ்னோ ஸ்ப்ரே. டப்பாவில் அடைத்திருப்பது எரியும் வாயு. மெழுகுவர்த்திக்கு எதிரில் அடித்தால் நுரை அப்படியே தீயாகும். மேசை இருக்கும் அறைக்குள் அந்த டப்பாவே வரக்கூடாது.

கேக்கின் அளவில் வீண் செலவு அதிகம். பன்னிரண்டு பிள்ளை, பதினாறு பெரியவர் என்றால் ஆளுக்கு 50 கிராம் வீதம் 1.4 கிலோ. ஒன்றரைக் கிலோ வாங்கினால் தாராளம். மூன்று கிலோ வாங்கும் வீட்டில் பாதி அடுத்த நாள் ஃப்ரிட்ஜிலிருந்து குப்பைக்குப் போகிறது. பெயரை போனில் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள், எழுத்துப் பிழை கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். கருநீலம், கறுப்பு, அடர் சிவப்பு க்ரீம் வேண்டாம். பல், நாக்கு, சட்டை எல்லாம் சாயம். காரில் கொண்டுவரும்போது மடியில் வைத்தால் சாயும். சீட்டுக்குக் கீழே சமமான தரையில், ஏசி போட்டுக் கொண்டு வரவும். நம் ஊர் வெயிலில் க்ரீம் கேக் ஒரு மணி நேரம் வெளியில் இருந்தால் ஓரம் சரியத் தொடங்கும். 5.20க்கு வெட்டுவதென்றால் 5.10க்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் போதும்.

சாப்பாடு 5.30. பிள்ளைகளுக்கு நெய் தடவிய மினி இட்லி, ஆளுக்கு எட்டு. நூறு இட்லிக்கு ஒன்றேகால் கிலோ மாவு. கூடவே தயிர் சாதம்: அரை கிலோ அரிசியைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே ஒரு லிட்டர் பால் ஊற்றி மசித்து, ஆறிய பிறகு 200 மில்லி தயிர் சேர்த்தால் மாலை வரை புளிக்காது. இந்த இரண்டும் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை அபூர்வம். ஆரம்பத்தில் கொடுக்கும் ஜூஸ் இரண்டு லிட்டர். ஏழெட்டு எலுமிச்சை, 200 கிராம் சர்க்கரை. பெரியவர்களுக்கு பஜ்ஜியும் காபியும் போதும். பதினாறு பேருக்கு ஒன்றரை லிட்டர் பால். குடிக்க ஒரு இருபது லிட்டர் கேன்.

முழு வேர்க்கடலை, முழு முந்திரி, பாப்கார்ன், கல்கோனா மாதிரி கெட்டி மிட்டாய் எதுவும் ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம், ஓடிக்கொண்டே தின்றால் மூச்சுக்குழாயில் போகும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கவும். சுண்டல் என்றால் வேகவைத்து மசித்தது. ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கை வந்தால் தேன் கலந்த எதையும் நாக்கில் வைக்காதீர்கள்.

வெளியில் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனிக்க: சாயத்தில் ரோடமின் பி என்ற, உணவில் சேர்க்கக் கூடாத ரசாயனம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை விடும் பிஸ்கட்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் நடவடிக்கை என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்த மயோனைஸ் சாண்ட்விச் எப்படியிருக்கும் என்று யோசித்தால் தடை இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று பார்க்கத் தேவையிருக்காது. மேடையில் பிள்ளை நடந்து வரும்போது உலர்பனிக்கட்டிப் (டிரை ஐஸ்) புகை விடுவதும் இப்போது பழக்கமாகிவிட்டது. அந்தப் புகையோடு வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கும், அதாவது பெரியவர் மூக்குக்கு வராமல் மூன்றடிப் பிள்ளையின் மூக்குக்குப் போகும்.

பலூன் ஐம்பது போதும். வாயால் ஊதாமல் கைப்பம்பில் முக்கால் அளவு நிரப்புங்கள். முந்தின நாள் இரவே ஊதினால் விழாவுக்குள் கொஞ்சம் சுருங்கிவிடும். சுவரில் டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும். திரைச்சீலைக் கம்பியிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிடலாம். பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே கூடாது. ஆறு அங்குலப் பாக்குமட்டைத் தட்டு பிள்ளையின் கைக்கு அளவாக இருக்கும். மேலே பறக்கும் கேஸ் பலூன் வேண்டாம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், மெழுகுவர்த்தி பக்கத்தில் வந்தால் தீப்பிழம்பு. சிலிண்டரையே வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்பித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூன் சிலிண்டர் வெடித்து உயிர் போனது.

உடைந்த பலூன் துண்டைப் பிள்ளை வாயில் வைத்து உறிஞ்சும். அது தொண்டையை ஜவ்வுபோல் மூடிக்கொள்ளும், விரலை விட்டாலும் சிக்காது. பலூன் உடையும் சத்தம் கேட்டதும் துண்டுகளைப் பொறுக்க ஒருவர் இருக்க வேண்டும். அப்படியிருக்க, ராட்சத பலூனுக்குள் சாக்லேட்டும் ஜிகினாவும் தெர்மாகோல் உருண்டையும் நிரப்பி, பிள்ளைகளின் தலைக்கு மேலே உடைப்பதை என்னவென்று சொல்வது? சாக்லேட்டுக்குப் பாய்ந்து நெற்றியோடு நெற்றி மோதும். ஜிகினா கண்ணில் விழும். தெர்மாகோல் உருண்டை சரியாக ஒரு மூக்குத் துவாரத்தின் அளவு. சாக்லேட்டை ஆளுக்கு ஒரு சிறு பையில் போட்டு வீட்டுக்குள் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். பெயர் எழுதிய பையை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

காற்றடைத்த குதிக்கும் கோட்டையை வாடகைக்கு எடுத்தால் அதன் ஊதுகருவி கடைசி வரை ஓட வேண்டும். கரன்ட் போனால் கோட்டை பிள்ளைகளின் மேல் சரியும். வாசலில் ஒரு பெரியவர் அசையாமல் நிற்க வேண்டும், நான்கு வயதும் பத்து வயதும் சேர்ந்து ஏறக்கூடாது, எல்லா மூலையும் கட்டியிருக்க வேண்டும். கரடி வேஷம் போட்டவரை மூன்று வயதுக்குக் கீழ் அழைக்காதீர்கள், பாதிப் பேர் கட்டிலுக்கு அடியில் ஒளிவார்கள். உள்ளே இருக்கும் மனிதருக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் மூச்சு முட்டும்.

ஆறு மணிக்குச் சத்தத்தைக் குறைத்து எல்லோரையும் உட்கார வைத்து ஒரு கதை. 6.20க்கு வாசலில், செருப்பு போட்ட பிறகு, கையில் ரிட்டர்ன் கிஃப்ட். முன்பே கொடுத்தால் அங்கேயே பிரித்து, "எனக்கு நீலம்தான் வேணும்" என்று தொடங்கும். எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே பொருள். க்ரேயான் டப்பா, விதைப் பொட்டலத்தோடு சின்ன மண்தொட்டி, எவர்சில்வர் டப்பா எதுவானாலும் சரி. மின்னும் மோதிரமும் ஒளிரும் பம்பரமும் வேண்டாம், உள்ளே அதே பொத்தான் பேட்டரிதான். காந்த உருண்டையும் வேண்டாம். அழைத்த குழந்தைகளைவிட இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். சொல்லாமல் வந்த தங்கை ஒருத்தி கட்டாயம் இருப்பாள்.

கடைசியாக விழாக்கூடம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மாலை 6 முதல் 10 வரை என்ற ஒரே வாடகை நேரத்தைத்தான் பல இடங்களில் தருகிறார்கள். மதியம் 3.30 முதல் 7 வரை என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். அதன் பிறகு கூடத்தைத் துடைத்து, இரவு 8 மணிக்கு வேறு ஒரு விழாவுக்கும் கொடுக்கலாம். கேக் கடைகளும் ஆர்டர் எழுதும் தாளில் எத்தனை கிலோ என்பதற்கு மேலே, எத்தனை பிள்ளை, எத்தனை பெரியவர் என்று இரண்டு கட்டம் சேர்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மழலையர் பள்ளி ஆசிரியைகள் சிலர்,
கோயம்புத்தூர்.